தாளில் கையெழுத்து வாங்கும் முன்: ஆலய நிர்வாகக் குழுக்களுக்கும் சமூகப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கணவன் மனைவிக்குள் விரிசல் விழுந்தால், விஷயம் முதலில் வழக்கறிஞரிடம் போவதில்லை. பெண்ணின் தாய்மாமனிடம் போகும். மாப்பிள்ளையின் அண்ணனிடம் போகும். அடுத்து, கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் தெரிந்தவரிடமோ ஊர்ச் சங்கத் தலைவரிடமோ வந்து நிற்கும். உங்கள் வார்த்தைக்கு இரு வீட்டாரும் கட்டுப்படுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள். அப்படிப் பேசியே சேர்ந்து வாழ்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. சேர்த்துவைக்கும் பேச்சை நிறுத்தும்படி கேட்க நாங்கள் இந்த மடலை எழுதவில்லை. சேர முடியாது என்று ஆன பிறகு வீட்டையும் நகையையும் பிள்ளையையும் அங்கேயே பங்குபோட்டு, ஒரு தாளில் எழுதி, இரு பக்கமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவைக்கிறீர்களே, அதை மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

குடும்பச் சட்டத்தோடும் குடும்ப ஆலோசனையோடும் அன்றாடம் புழங்குகிறவர்கள் நாங்கள். அந்தத் தாள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும்: “நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம். என் நகைகளைப் பெற்றுக்கொண்டேன். வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம். பிள்ளை தாயிடம் இருக்கும். இனி ஒருவர்மீது ஒருவர் எந்த வழக்கும் தொடரமாட்டோம்.” கீழே இரண்டு சாட்சிகள், தேதி, சில சமயம் சங்கத்தின் முத்திரை. பிரச்சினை முடிந்தது என்று எல்லாரும் எழுந்து போவார்கள். உண்மையில் அந்தத் தாள் திருமணத்தை முடிப்பதில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்க் குடும்பச் சட்டத்தின் கீழ்க் குடும்ப நீதிமன்றம் தரும் இறுதித் தீர்ப்பு ஒன்றே திருமணத்தை முடிக்கும். தாளை நம்பி இன்னொரு திருமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. செய்தவர்மீது குற்ற வழக்கும் வரலாம்.

அப்படியானால் அது வெற்றுத் தாள்தானே, கேடு என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேடு அங்கேதான் இருக்கிறது. மணவிலக்கை எதிர்பார்த்துச் சொத்துப் பங்கீடு பற்றிக் கணவனும் மனைவியும் செய்துகொண்ட உடன்பாட்டையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாதர் சாசனத்தின் 112ஆவது பிரிவு சொல்கிறது. நீதிபதி அதற்கு அப்படியே கட்டுப்பட்டவர் அல்லர். கையெழுத்திட்டபோது சட்ட ஆலோசனை கிடைத்ததா, வற்புறுத்தல் இருந்ததா, மற்றவரின் சொத்து விவரம் முழுதாகத் தெரிந்திருந்ததா என்றெல்லாம் பார்ப்பார். ஆனால் “வீட்டில் பங்கு வேண்டாம்” என்று எழுதிக்கொடுத்தவர்தான் அத்தனையையும் விளக்கி, அந்த வரியை உடைக்க வேண்டியிருக்கும். மாலை ஏழு மணிக்கு ஒரு கூடத்தில், அழுது களைத்துப்போய்ப் போட்ட கையெழுத்துக்காக ஒரு பெண் பல மாதங்கள் பதில் சொல்ல நேரிடுகிறது. சில சமயம் ஓர் ஆணும் அப்படி மாட்டிக்கொள்கிறார்.

அதே தாளில் பிள்ளையைப் பற்றியும் பராமரிப்புத் தொகையைப் பற்றியும் எழுதும் வரிகள் வேறு விதமாகத் தோற்றுப்போகும். பிள்ளை விஷயத்தில் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்பதால், பெற்றோர் எழுதிக்கொண்டதை நீதிமன்றம் மாற்றலாம். “பிள்ளைக்குச் செலவுப் பணம் கேட்கமாட்டேன்” என்று ஒரு தாய் எழுதிக்கொடுத்தாலும் பிள்ளைக்குச் சேர வேண்டியது பறிபோகாது. ஆகவே பிள்ளைக்கான பகுதி நிற்காமல் போய், சொத்துக்கான பகுதி மட்டும் கையெழுத்திட்டவரின் கழுத்தைப் பிடிக்கிறது.

இருவரும் உண்மையிலேயே ஒத்துப்போனால் பேசியதை எழுதிவையுங்கள். கையெழுத்து வேண்டாம், முத்திரை வேண்டாம். மேலே “வழக்கறிஞரிடம் காட்டுவதற்கான குறிப்பு” என்று போடுங்கள். இருவரும் தனித்தனி வழக்கறிஞரிடம் அதைக் காட்டட்டும். செலவை மிச்சப்படுத்த ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் பேசட்டும் என்று சொல்லாதீர்கள். அவரால் ஒருவருக்காகத்தான் நிற்க முடியும், மற்றவர் ஆலோசனை இல்லாமல் கையெழுத்திட்டவர் ஆகிவிடுவார். உடன்பாடு நீதிமன்றத்தின் சம்மத உத்தரவாக மாறிய பிறகு, பிள்ளை பற்றியதையும் பராமரிப்புத் தொகையையும் சூழ்நிலை மாறினால் திருத்தக் கேட்கலாம். சொத்துப் பங்கீட்டைத் திருத்துவது மிகக் கடினம். உத்தரவை நிறைவேற்றவே முடியாத நிலை வந்தால்தான் பெரும்பாலும் அந்தக் கதவு திறக்கும். “இப்போதைக்குப் போட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற அறிவுரை மற்ற எதற்குப் பொருந்தினாலும் சொத்துக்குப் பொருந்தாது.

தேதி விஷயத்திலும் நம்மவர்களிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் திருமண நாள் என்பது பதிவுத் திருமணம் நடந்த நாள். பிடிஓ வீட்டுக்காக (முன்பதிவு செய்தபின் கட்டித் தரப்படும் அரசு வீடு) முதலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஓராண்டு ஈராண்டு கழித்துக் கோயிலில் தாலி கட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. இடையில் மனம் மாறினால் “இன்னும் தாலி கட்டவில்லை, கல்யாணமே ஆகவில்லை” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. பிரிய வேண்டுமென்றால் மணவிலக்கோ, தகுதி இருந்தால் திருமணத்தைச் செல்லாததாக்கும் உத்தரவோ வாங்கியாக வேண்டும். சடங்குத் திருமணம் முடிந்தபின் சேர்ந்து வாழ்வோம் என்று பேசி வைத்துக்கொண்டு, பிறகு ஒருவர் சடங்குக்கு வர மறுத்தால், அதை இல்லற உறவுக்கு மறுப்பதாகவே நம் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. செல்லாததாக்கும் மனுவுக்கு அது ஒரு வழி. மாறாக, 1961 செப்டம்பர் 15க்குப் பிறகு பதிவு இல்லாமல் இங்கே கோயிலில் மட்டும் நடந்த திருமணத்தை மாதர் சாசனம் திருமணமாக ஏற்பதில்லை. உங்கள் மண்டபத்தை முகூர்த்தத்துக்குக் கொடுக்கும்போது பதிவுச் சான்றிதழைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மூன்று ஆண்டுக் கணக்கும் இந்தப் பதிவு நாளிலிருந்துதான் ஓடுகிறது. திருமணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் மணவிலக்கு மனு போட முடியாது. அளவு கடந்த துன்பமோ மற்றவரிடம் மிகக் கொடிய நடத்தையோ இருந்தால் மட்டும் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். கணவன் மனைவியில் ஒருவராவது சிங்கப்பூரை நிரந்தர வாழ்விடமாகக் கொண்டிருக்க வேண்டும், அல்லது மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும். ஆகவே வேலை அனுமதியில் இருக்கும் தமிழகத் தம்பதியரும் இங்கே வழக்குத் தொடரலாம். அதில் உள்ள ஒரு பெரிய பள்ளத்தைப் பின்னால் சொல்கிறோம்.

மணவிலக்குக்கு அடிப்படை ஒன்றுதான்: திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது. அதைக் காட்ட ஆறு வழிகள். கள்ள உறவு, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நடத்தை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, சம்மதத்தோடு மூன்று ஆண்டு பிரிந்திருந்தது, சம்மதமில்லாமல் நான்கு ஆண்டு பிரிந்திருந்தது ஆகிய ஐந்தும் பழையவை. 2024 ஜூலை 1 முதல் ஆறாவதாக இருவரின் பரஸ்பர உடன்பாடு வந்திருக்கிறது. இது வந்தது நல்லது என்பது எங்கள் கருத்து. யார்மீதும் குற்றம் சுமத்தி எழுத வேண்டியதில்லை. பிள்ளைகள் பிற்காலத்தில் படிக்கக்கூடாத வரிகள் கோப்பில் ஏறுவதில்லை. ஆனால் உடன்பாடு என்றால் வெறும் கையெழுத்து அல்ல. ஏன் முறிந்தது, சேர என்ன முயற்சி செய்தார்கள், பிள்ளைக்கும் பணத்துக்கும் என்ன யோசித்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். சேர நியாயமான வாய்ப்பு இன்னும் இருக்கிறது என்று தோன்றினால் நீதிமன்றம் ஏற்காது. உங்கள் முன்னிலையில் நடந்த சமரசப் பேச்சு, குடும்பச் சேவை நிலையத்தில் பெற்ற ஆலோசனை எல்லாம் இங்கே எடுத்துச் சொல்லத் தக்கவை. எந்தத் தேதியில் பேசினோம் என்று குறித்து வைத்தால் அவர்களுக்கு உதவும்.

“ஒரு வருஷம் பொறுத்துப் பார்” என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. துணையின் கள்ள உறவு தெரிந்த பிறகு ஆறு மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால், அந்த உறவைக் காரணமாகக் காட்டி மனு போட முடியாது. பொறுத்துப் போகச் சொல்வது உங்கள் உரிமை. அந்த ஆறு மாதக் கணக்கையும் சேர்த்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழ்ந்ததாகவும் காட்டலாம். அதற்குத் தனி அறை மட்டும் போதாது. ஒருவருக்கு ஒருவர் சமைப்பது, துணி துவைப்பது, குடும்பமாக விசேஷங்களுக்குப் போவது எல்லாம் எப்போது நின்றன என்று தேதியோடு சொல்ல வேண்டும்.

அடி உதை இருந்தால் உங்கள் கூடத்தில் அந்தப் பேச்சே நடக்கக்கூடாது. அடித்தவரையும் அடிபட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினால், அடிபட்டவர் அன்றிரவு திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு மனு செய்ய மணவிலக்கு மனு தேவையில்லை. ஆபத்து உடனே வரக்கூடியது என்றால் விசாரணை முடியும் முன்பே அவசர உத்தரவு கிடைக்கும். அடித்தவரை வீட்டிலிருந்தோ வீட்டின் ஒரு பகுதியிலிருந்தோ விலக்கிவைக்கும் உத்தரவும் உண்டு. தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000, நாள் முழுதும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. மனைவியின் நீண்டகால வருகை அட்டையைக் கணவன் ரத்து செய்துவிடுவேன் என்று மிரட்டுவதும் நடக்கிறது. அட்டை போய்விட்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. வழக்கு முடியும்வரை தங்க அனுமதி கேட்டுக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்கு எழுதலாம், அவர்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பார்கள். ‘விசா போய்விடும், பேசாமல் இரு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இனி, நீங்கள் அதிகம் தீர்ப்புச் சொல்லும் விஷயமான வீட்டுக்கு வருவோம்.

“வீடு யார் பெயரில் இருக்கிறது?” என்றுதான் கூடத்தில் முதல் கேள்வி எழும். நீதிமன்றம் அங்கே தொடங்குவதில்லை. திருமண காலத்தில் சேர்ந்த சொத்து, யார் பெயரில் இருந்தாலும், மணவாழ்க்கைச் சொத்து. திருமணத்துக்கு முன்பே ஒருவர் வாங்கிய வீடும், குடும்பம் குடியிருந்த வீடாக இருந்தால் உள்ளே வரும். மத்திய சேம நிதி (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பு) இருப்பு, வங்கிச் சேமிப்பு, பங்குகள், கார், பணமதிப்புச் சேர்ந்த காப்புறுதிப் பாலிசிகள் எல்லாம் சேரும். பிறகு 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த முறைப்படி கணக்குப் போடுவார்கள். சொத்துக்கு யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பது ஒரு விகிதம். சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியாரைக் கவனித்தது, வீட்டுச் செலவு என்று மறைமுகமாக யார் எவ்வளவு உழைத்தார்கள் என்பது இன்னொரு விகிதம். இரண்டின் சராசரியை எடுத்து, வழக்குக்குத் தக்கபடி ஏற்றி இறக்குவார்கள். ஒருவர் மட்டும் சம்பாதித்து மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட நீண்ட காலத் திருமணங்களில் இந்த முறை வீட்டில் இருந்தவருக்கு அநியாயமாகும் என்று 2017இல் அதே நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட வழக்குகள் சமபங்கை நோக்கியே சாய்கின்றன. இருபது ஆண்டு வேலைக்குப் போகாமல் குடும்பம் நடத்திய பெண்ணிடம் “நீ ஒரு காசும் போடவில்லையே” என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கூடத்தில் நடக்கும் பங்கீடு எங்கே பிசகுகிறது என்பதைத் தொகையோடு காட்டுகிறோம். உதாரணக் கணக்குத்தான். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு 520,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு விலைபோகிறது. கடன் பாக்கி 190,000. மிச்சம் 330,000. வீட்டுக்கு எடுத்த சேம நிதிப் பணத்தை 2.5 விழுக்காட்டு வட்டியோடு அவரவர் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். கணவனுக்கு முதலும் வட்டியுமாக 195,000, மனைவிக்கு 75,000. கையில் நிற்கும் ரொக்கம் 60,000. கூடத்தில் இந்த அறுபதாயிரத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். “ஆளுக்கு முப்பதாயிரம், சமமாகப் பிரித்தாயிற்று” என்று முடிக்கிறார்கள். உண்மையில் கணவனுக்குப் போனது 225,000, மனைவிக்குப் போனது 105,000.

நீதிமன்றம் பங்கிடுவது முழு 330,000ஐ. பணமாகப் போட்ட விகிதம் கணவன் 70க்கு மனைவி 30, மறைமுக உழைப்பின் விகிதம் 40க்கு 60 என்று வைத்துக்கொண்டால், சராசரி 55க்கு 45. மனைவியின் பங்கு 148,500. அதற்கு, ரொக்கம் 60,000 முழுதும் அவருக்கு வந்து, கணவனின் சேம நிதியிலிருந்து இன்னும் 13,500 அவர் கணக்குக்கு மாற வேண்டும். கூடத்துக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 43,500 வெள்ளி. சேம நிதியிலிருந்து மாற்றுவதைச் சேம நிதிக் கழகம் நீதிமன்ற உத்தரவின் வாசகத்தைப் பார்த்துத்தான் செய்யும். உங்கள் தாளைக் காட்டி ஒரு காசும் நகர்த்த முடியாது.

வீட்டை விற்காமல் ஒருவர் வைத்துக்கொள்வதற்கு வீவகவின் விதி வேறு. பிள்ளையின் பராமரிப்புப் பொறுப்பு கிடைத்தவர் பிள்ளையோடு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை இல்லாதவர் தனியாக வைத்துக்கொள்ள 35 வயது ஆகியிருக்க வேண்டும். 30 வயதுப் பெண்ணிடம் “வீட்டை நீயே வைத்துக்கொள்” என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வீவக மறுத்த பிறகு திரும்பிவந்தால் பேரம் எல்லாம் கலைந்துபோகும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஐந்து ஆண்டு, பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குப் பத்து. அது முடியாவிட்டால் வீட்டை வீவகவிடமே ஒப்படைக்க வேண்டி வரலாம். மனைவியோ கணவனோ குடிமகனாக இல்லாவிட்டால் விதி இன்னும் இறுகும். ஆகவே முதலில் வீவகவுக்கு எழுதி, யார் வைத்துக்கொள்ளத் தகுதி இருக்கிறது என்று பதில் வாங்கட்டும். வைத்துக்கொள்பவரின் சம்பளத்துக்குக் கடன் கிடைக்குமா என்பதையும் பார்க்கட்டும். பேரம் அதற்குப் பிறகுதான்.

நகைக்கு வருவோம். பெண்ணின் பெற்றோர் போட்ட நகை மூன்றாமவர் அவருக்குத் தந்த அன்பளிப்பு, பங்கீட்டுக்குள் வராது. மாமியார் வீட்டார் அவருக்கென்று தந்ததும் அப்படியே. கணவன் தன் சம்பாத்தியத்தில் வாங்கித் தந்த நகை, சிறு மதிப்பாக இல்லாவிட்டால், கணக்குக்குள் வரலாம். சண்டை எப்போதும் எது யார் போட்டது என்பதில்தான். முகூர்த்தப் புகைப்படம், நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு, வங்கிப் பெட்டக வாடகைச் சீட்டு, இவைதாம் சாட்சி. ஒவ்வொரு நகையையும் கிராம் கணக்கோடு, போட்டவர் பெயரோடு பட்டியலிடச் சொல்லுங்கள். உங்கள் உதவி உண்மையில் பயன்படும் இடம் இது. இரு வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்து அந்தப் பட்டியலை ஒத்துக்கொள்ள வைத்தால், வழக்கில் ஒரு முழு அத்தியாயமே குறைந்துவிடும்.

பெற்றோர் பெயரில் இருக்கும் வீட்டுக்கு மகன் தவணை கட்டியது, அண்ணன் பெயரில் கடை நடத்துவது போன்றவை சிக்கலானவை. குடும்ப நீதிமன்றம் மூன்றாமவருக்கு எதிராக உத்தரவிட முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தப் பங்கைக் கேட்பவர் தனிச் சிவில் வழக்குப் போட வேண்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் வாங்கிய மனையும் வீடும் கணக்கில் சேரும். இங்குள்ள உத்தரவைக் கொண்டு அங்குள்ள பத்திரத்தை மாற்ற முடியாது என்பதால், அதன் மதிப்புக்கு ஈடாக இங்குள்ள சொத்தில் கூடக் கொடுப்பது வழக்கம். பூர்வீகச் சொத்தாக வந்தது பொதுவாக வெளியே நிற்கும். குடும்பம் அதில் குடியிருந்தாலோ, மற்றவரின் உழைப்பால் அது பெரிதாக மேம்பட்டிருந்தாலோ உள்ளே வரும்.

வழக்கு வருவதைத் தெரிந்துகொண்டு பணத்தை ஊரில் உள்ள தம்பி கணக்குக்கு அனுப்பச் சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள். மணவிலக்கு நெருங்கும் வேளையில் பெருந்தொகையைத் துணையின் சம்மதமின்றி எடுத்தால், அது இன்னும் இருப்பதாகவே வைத்துக் கணக்கில் திரும்பச் சேர்ப்பார்கள். பிரமாணப் பத்திரத்தில் சொத்தை மறைத்தது தெரிந்தால், மறைத்தவருக்கு எதிராகவே ஊகித்து மற்றவரின் பங்கைக் கூட்டவும் முடியும். வங்கிக் கணக்கு அறிக்கைகளில் அனுப்பிய தேதி பளிச்சென்று இருக்கும்.

பிள்ளை விஷயத்தில் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. கூடத்தில் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. படிப்பு, மதம், பெரிய மருத்துவ முடிவு ஆகியவற்றைத் தீர்மானிப்பது கஸ்டடி. 2005ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு இது பெரும்பாலும் இருவருக்கும் கூட்டாகவே தரப்படுகிறது. பிள்ளை அன்றாடம் யாரிடம் இருக்கும் என்பது கேர் அண்ட் கண்ட்ரோல். மற்றவர் பிள்ளையோடு இருக்கும் நேரம் ஆக்சஸ். “பிள்ளை தாயிடம்” என்று நீங்கள் எழுதினால் அப்பா தன் உரிமை எல்லாம் போயிற்று என்று நினைத்துக் கொதிக்கிறார். அம்மாவும் அப்பாவைக் கேட்காமலே பள்ளியையும் மதத்தையும் மாற்றலாம் என்று நினைத்துவிடுகிறார். இரண்டும் தவறு. கூட்டுக் கஸ்டடி இருந்தால் அப்படிப்பட்ட பெரிய முடிவில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். பராமரிப்பே இருவருக்கும் பகிர்ந்து தரப்பட்டால், வீவக விண்ணப்பத்தில் யார் பிள்ளையைச் சேர்ப்பது என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக்சஸ் உத்தரவில் “நியாயமான நேரம்” என்று மட்டும் எழுதினால் முதல் தீபாவளியிலேயே சண்டை வரும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த எம்ஆர்டி நிலையத்தில் ஒப்படைப்பது என்று எழுத வேண்டும். தீபாவளிக் காலை எண்ணெய்க் குளியல் யார் வீட்டில், பொங்கல் யாரிடம், தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கும் வீட்டாரோடு பிள்ளை போகலாமா, அடுத்த ஆண்டு மாறுமா, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையை எப்படிப் பிரிப்பது, எல்லாவற்றையும் எழுதலாம். தமிழ்க் குடும்பங்களுக்கு எந்த நாள் முக்கியம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுங்கள். பிள்ளையிடம் “ஜட்ஜ் கேட்டால் இப்படிச் சொல்” என்று சொல்லித்தருவதை மட்டும் தடுத்துவிடுங்கள். நீதிமன்றத்து ஆலோசகர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்த பெற்றோருக்கே அது பாதகமாக முடியும்.

பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவது பற்றி மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் “கொஞ்ச நாள் பாட்டியிடம் இருக்கட்டும்” என்ற யோசனை பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது. கஸ்டடி அல்லது பராமரிப்பு உத்தரவு வந்த பிறகு, இரு பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையைச் சிங்கப்பூருக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. பொறுப்பில் இருப்பவர் ஒரு மாதத்துக்குக் குறைவாக அழைத்துச்செல்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஹேக் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2010இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை, மலேசியாவும் சேரவில்லை. சென்னையிலோ ஜோகூரிலோ வைத்துக்கொண்ட பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர அந்த ஒப்பந்தம் உதவாது, அந்த நாட்டு நீதிமன்றத்தில் முதலிலிருந்து வழக்காட வேண்டும். அப்படி நடக்கும் என்று பயப்படும் பெற்றோர் யாராவது வந்தால், மறுநாளே வழக்கறிஞரிடம் போய்த் தடை உத்தரவும் கடப்பிதழை ஒப்படைக்கும் உத்தரவும் கேட்கச் சொல்லுங்கள்.

பராமரிப்புத் தொகை பற்றிச் சுருக்கமாக. பிள்ளைக்கு 21 வயதுவரை, படிப்பு, முழுநேரத் தேசிய சேவை, உடற்குறை இருந்தால் அதற்குப் பிறகும், இரு பெற்றோரும் அவரவர் வசதிக்கேற்பத் தர வேண்டும். மனைவிக்கு அது தானாக வந்துவிடாது, தேவையையும் கணவனின் வசதியையும் பார்த்துத் தருவார்கள். மறுமணம் செய்தால் நின்றுவிடும். உடல், மன இயலாமையால் சம்பாதிக்க முடியாத கணவனும் கேட்கலாம். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே உத்தரவை மீறுவது. அதற்குத் தனித்தனி அமலாக்க மனு இருக்கிறது.

மனு போடும் நடைமுறையில் சில விஷயங்கள் தெரிந்தால் போதும். 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் மனுவுக்கு முன் இணைப்பெற்றோர் பயிற்சியை முடிக்க வேண்டும். மனுவுக்குப் பின் நீதிமன்றம் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் அனுப்பும், அங்கே பேசியதை விசாரணையில் எதிராகப் பயன்படுத்த முடியாது. முதலில் இடைக்காலத் தீர்ப்பு, குறைந்தது மூன்று மாதம் கழித்து இறுதித் தீர்ப்பு. பங்கீட்டு வழக்கு நடந்தால் இறுதித் தீர்ப்பு அதற்குப் பிறகுதான். இறுதித் தீர்ப்பு கையில் வராமல் மறுமணத்துக்கு முகூர்த்தம் குறித்துக்கொடுக்காதீர்கள். தமிழ் முஸ்லிம் தம்பதியருக்கு ஷரியா நீதிமன்றம், அதன் நடைமுறை வேறு.

முன்பு குறிப்பிட்ட பள்ளம் இதுதான். இந்து திருமணச் சட்டப்படி இந்தியாவில் மணந்தவர்கள் இங்கே மணவிலக்கு பெற்றாலும் இந்தியா அதை ஏற்கும் என்று எண்ணிவிடக்கூடாது. எதிர்த்தரப்பு இங்கே வந்து வழக்கில் முழுதாகக் கலந்துகொண்டதா, சம்மதித்ததா, காட்டிய காரணம் அவர்களின் திருமணச் சட்டத்திலும் உள்ளதா என்று 1991ஆம் ஆண்டின் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பார்க்கச் சொல்கிறது. மனைவி ஊரில் இருக்க, அவர் வராமலே இங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து அங்கே மறுமணம் செய்தால் பெரிய சிக்கல். இப்படிப்பட்ட தம்பதியர் மனு போடும் முன்பே இரு நாட்டு வழக்கறிஞரையும் பார்க்க வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சில காரியங்கள்தான். கோயில், சங்க அறிவிப்புப் பலகையில் உதவி எண்ணையும் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தின் முகவரியையும் ஒட்டிவையுங்கள். சிண்டாவுக்கும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை நிலையம் உண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பவர்களைச் சட்ட உதவிப் பிரிவுக்கும் புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பின் இலவச ஆலோசனை நேரங்களுக்கும் அனுப்புங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிய பிரமாணப் பத்திரத்தில், தமிழில் வாசித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். மணவிலக்கு ஆனாலும் சேம நிதி நியமனமும் உயிலும் தாமாக மாறுவதில்லை, முன்னாள் துணையின் பெயர் அப்படியே நிற்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீவக கடன் அறிக்கை, வீட்டுக்கு எடுத்த சேம நிதிக் கணக்கு, மூன்று ஆண்டு வருமான வரி அறிவிப்பு, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, நகைப் பட்டியல் ஆகியவற்றை ஓர் உறையில் எடுத்துச்செல்லச் சொல்லுங்கள்.

உங்கள் குழுவில் இப்போது ஏதாவது ஒரு தாள் கையெழுத்துக்குத் தயாராக இருந்தால், இந்த வாரம் அதை நிறுத்திவைத்து, இருவரையும் தனித்தனியாக ஒரு சட்ட ஆலோசனைக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
குடும்பச் சட்டத்திலும் குடும்ப ஆலோசனையிலும் பணியாற்றும் சிங்கப்பூர்த் தமிழர்கள் சிலர்